ராத்திரி டியூட்டியில் யார்?

அண்ணாச்சிகளே, அக்காமாரே, எல்லோருக்கும் வணக்கம். முதியோர் இல்லம் பற்றிப் பேசக் கூப்பிட்டதும் அன்பு, பாசம், பிள்ளைகளின் கடமை என்று பேசுவேன் என நினைத்திருப்பீர்கள். அது பட்டிமன்றக்காரர்கள் வேலை. நான் அரசு ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். எனக்குத் தெரிந்தது படுக்கைப் புண்ணும் இடுப்பு எலும்பு முறிவும்தான்.

நம் திருநெல்வேலிப் பக்கத்து நிலைமை தெரிந்ததுதான். அம்பாசமுத்திரத்திலும் கல்லிடைக்குறிச்சியிலும் தெருவுக்குத் தெரு பூட்டிய வீடுகள். பிள்ளைகள் சென்னை, பெங்களூரு, துபாய் என்று இருக்கிறார்கள். லீவில் வந்த மகன் அவசர அவசரமாக ஓர் இல்லத்தைப் பார்த்து முடிவு செய்தாக வேண்டும். என்ன பார்க்கிறார்? வாசலில் பூச்செடி, உள்ளே பூஜை அறை, சுவரில் சாப்பாட்டு அட்டவணை. எல்லாம் காலை 11 மணிக்கு. ராத்திரி 2 மணிக்கு அங்கே எத்தனை பேர் முழித்திருப்பார்கள் என்று கேட்பதே இல்லை. முதல் கேள்வியே அதுதான்.

படுத்த படுக்கையாக இருப்பவரை ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும் என்பது நாங்கள் படித்த பாடம். வால் எலும்பு, இடுப்பின் பக்கவாட்டு, குதிகால் ஆகிய இடங்களில் எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே தோல் நசுங்கி ரத்த ஓட்டம் குறையும். முதலில் சிவப்பு மட்டும் தெரியும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்துத் திரும்பச் சிவக்க வேண்டும். வெளுக்கவே இல்லையா, புண் ஆரம்பித்துவிட்டது. நம் ஊர்க் கறுப்புத் தோலில் அந்தச் சிவப்பும் சரியாகத் தெரியாது. அந்த இடம் மட்டும் நிறம் கூடி, தொட்டால் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கும். அம்மாவைப் பார்க்கப் போனால் கையைப் பிடித்துக்கொண்டு பேசுங்கள், நல்லது. அப்புறம் போர்வையை விலக்கிக் குதிகாலையும் தொட்டுப் பாருங்கள். புண் வராமல் இருக்க ஏர் பெட், அதாவது காற்று மெத்தை, போட்டிருக்கிறோமே என்பார்கள். போட்டாலும் திருப்பித்தான் ஆக வேண்டும்.

திருப்பியதற்குச் சார்ட் உண்டா என்று கேளுங்கள். நான் பார்த்த ஒரு சார்ட்டில் இரவு 10, 12, 2, 4 என்று வரிசையாக டிக். ஒரே பேனா, ஒரே சாய்வு. காலையில் டீ குடிக்கும்போது உட்கார்ந்து போட்டது என்று பார்த்ததுமே தெரிந்துவிடும். அதற்காக அந்த அட்டெண்டர் பெண்ணைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. நேற்றுவரை பீடி சுற்றிக்கொண்டிருந்தவளுக்கு ஒரு வாரம்கூடச் சொல்லிக்கொடுக்காமல், ஒரு மாடி முழுவதையும் தனியாக ஒப்படைத்திருப்பார்கள். ஓர் ஆளை இழுக்காமல் திருப்ப ரெண்டு பேர் வேண்டும். இழுத்தால் தோல் உரியும். இல்லம் நடத்துகிறவர்கள் என்னைக் கோபித்துக்கொள்ளலாம். கோபிக்கட்டும். மாதக் கட்டணத்தில் பேரம் பேசுகிற பிள்ளைகளுக்கும் இதில் பங்கு உண்டு.

ஆச்சிமார் விழுவதும் பெரும்பாலும் ராத்திரி பாத்ரூம் போகும்போதுதான். தூக்க மாத்திரை போட்ட மயக்கம், ஈரத் தரை, தொலைவில் ஸ்விட்ச். இதற்குப் பயந்து சில இடங்களில் துண்டால் கட்டிலோடு கட்டிவிடுகிறார்கள். கட்டிப்போட்டால் விழ மாட்டார் என்பது தப்பு. உருவிக்கொண்டு எழப் பார்த்து இன்னும் மோசமாக விழுவார். நேற்றுவரை தெளிவாக இருந்த ஆச்சி இன்று ராத்திரி கத்துகிறாள் என்றால் கிறுக்கு என்று மாத்திரையைக் கூட்டாதீர்கள். சிறுநீரில் கிருமி இருக்கலாம், மலச்சிக்கல் இருக்கலாம், வலியாக இருக்கலாம், தண்ணீர் குடிக்காமல் இருந்திருக்கலாம். வயதானால் தாகமே சரியாகத் தெரியாது. நம் ஊர் வெயிலில் கேட்டால் கொடுப்போம் என்றால் ஆகாது, நாமே கொடுக்க வேண்டும். படுக்க வைத்துக் கஞ்சி புகட்டுவதைப் பார்த்தால் அங்கேயே நிறுத்தச் சொல்லுங்கள். உட்கார வைத்துத்தான் கொடுக்க வேண்டும், கொடுத்த பிறகும் அரை மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும்.

பணம் கட்டும் முன் இன்னொன்று. நடமாடுகிறவரைச் சேர்த்துக்கொள்ளும் பல இடங்கள், படுக்கையில் விழுந்ததும் கூட்டிப் போங்கள் என்று போன் போடும். வைத்துக்கொள்வீர்களா, யார் பார்ப்பார்கள், ஆம்புலன்ஸை யார் கூப்பிடுவார்கள் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். 

புகார் சொல்ல 14567 என்ற முதியோர் உதவி எண் இருக்கிறது. காலை 8 முதல் இரவு 8 வரைதான். ராத்திரி நடப்பதை விடிந்த பிறகுதான் சொல்ல முடியும். சொன்னால் அம்மாவிடம் கோபத்தைக் காட்டுவார்களோ என்ற பயம் எல்லோருக்கும் இருக்கிறது, நியாயமான பயம்தான். அதனால் பக்கத்துக் கட்டில்காரரின் பிள்ளைகளிடம் நம்பர் வாங்கி வையுங்கள். நாலு வீட்டார் சேர்ந்து கேட்டால் யார் மேலும் தனியாகக் கோபப்பட முடியாது. முறை வைத்துக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஒருவர் போய்ப் பாருங்கள். கேட்டைத் திறக்க மறுத்தால் அதுவே ஒரு பதில்.

சார்ட் எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு காலித் தாள் நகலெடுத்து வைத்திருக்கிறேன். வேண்டியவர்கள் மேடைக்கு வந்து வாங்கிக்கொள்ளலாம்.