ஈம் கிராமம்: ஊருக்குள் நிற்காமல் எல்லை வரை நடந்து பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

இங்கிலாந்தின் டார்பிஷயரில், பீக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது ஈம் என்ற சிறிய கிராமம். பெயர்ப்பலகையைப் பார்த்தால் 'ஐயாம்' என்று படிக்கத் தோன்றும். பேருந்தில் ஏறும்போது 'ஈம்' என்றே கேளுங்கள். 1665, 66இல் பிளேக் வந்தபோது வெளியூருக்கு நோயைக் கடத்தக் கூடாது என்று தன்னைத் தானே அடைத்துக்கொண்ட ஊர் இது. வருகிறவர்களில் பலர் தேவாலயத்தை ஒட்டிய 'பிளேக் வீடுகளை'ப் படம் எடுத்து, தேநீர் குடித்து, ஒரு மணி நேரத்தில் கிளம்பிவிடுகிறார்கள். ஆனால் இந்தக் கதையின் பெரும்பகுதி வீடுகளில் நடக்கவில்லை. வயல்களிலும் ஊர் எல்லைகளிலும் நடந்தது. அரை நாளாவது கையில் வைத்துக்கொண்டு வருவது நல்லது.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். லண்டனிலிருந்து ஒரு தையல்காரர் வீட்டுக்குத் துணி வந்தது. ஈரமாயிருந்த அதை அடுப்பருகே உலர்த்தியபோது பிளேக்கைப் பரப்பும் தெள்ளுப்பூச்சிகள் வெளிவந்தன என்பது வழிவழியாகச் சொல்லப்படும் விளக்கம். அங்கே வேலைபார்த்த ஜார்ஜ் விக்கர்ஸ் 1665 செப்டம்பர் முதல் வாரத்தில் இறந்தார். குளிர்காலத்தில் சாவு குறைந்தது. கோடை தொடங்கியதும் மறுபடி ஏறியது. அப்போதுதான், 1666 ஜூனில், இளம் போதகர் வில்லியம் மொம்பெசனும் அவருக்கு முன்பு பதவியிலிருந்து நீக்கப்பட்ட தாமஸ் ஸ்டான்லியும் சேர்ந்து மூன்று முடிவுகளை ஊராரிடம் வைத்தார்கள். அவரவர் வீட்டுச் சாவை அவரவரே சொந்த நிலத்தில் புதைப்பது, வழிபாட்டைத் தேவாலயத்திலிருந்து திறந்த வெளிக்கு மாற்றுவது, யாரும் எல்லை தாண்டாமலிருப்பது. சமயக் கொள்கையில் எதிரெதிராக நின்ற இருவர் ஒன்றாகப் பேசியிராவிட்டால் ஊர் கேட்டிருக்குமா என்பது சந்தேகம்தான். கடைசிச் சாவு 1666 நவம்பர் 1. இறந்தவர்கள் 260 பேர் என்பார்கள். பங்குப் பதிவேட்டை வைத்து 2016இல் வந்த ஓர் ஆய்வு 257 என்கிறது. ஊரில் மொத்தமே 350 பேர்தான் இருந்தார்கள் என்ற பழைய கணக்கை மட்டும் அப்படியே நம்பிவிடாதீர்கள். அதே ஆய்வின்படி ஏறக்குறைய 700 பேர் இருந்திருக்கிறார்கள்.

முதலில் அருங்காட்சியகம், ஒரு மணி நேரம் போதும். குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள், சீசனிலும் வாரத்தில் மூடும் நாள் உண்டு, ஆகவே திறந்திருக்கும் நாளை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு தேவாலய வளாகம். அங்கே நிற்கும் ஆங்கிலோ-சாக்சன் கற்சிலுவை 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதனருகிலேயே மொம்பெசனின் மனைவி கேத்தரினின் கல்லறை. ஊராருக்கு மூடிய கல்லறைத் தோட்டத்தில் 1666 ஆகஸ்டில் இறந்த போதகரின் மனைவிக்கு இடம் கிடைத்திருக்கிறது. பார்க்கிறவருக்கு இது உறுத்தினால் நியாயம்தான். பிளேக் வீடுகளில் இன்றும் குடும்பங்கள் வசிக்கின்றன. வாசலில் உள்ள பெயர்ப்பலகையைத் தெருவில் நின்றே படிக்கலாம், ஜன்னலுக்குள் எட்டிப் பார்க்க வேண்டாம்.

இனி நடை. தென்கிழக்கே ஸ்டோனி மிடில்டன் நோக்கிப் போகும் வயல்பாதையில் ஒரு கிலோமீட்டருக்குள் எல்லைக்கல் வரும். கரடான ஒரு பாறை, அதன் தலையில் ஆறு குழிகள். குழிகளில் வினிகர் ஊற்றி, அதில் காசைப் போட்டு வைப்பார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் உணவை வைத்துவிட்டுக் காசை எடுத்துக்கொள்வார்கள். வினிகர் நோயைப் போக்கும் என்பது அன்றைய நம்பிக்கை. விரலை விட்டுப் பாருங்கள், குழிகளின் விளிம்பு தேய்ந்து வழவழப்பாக இருக்கும்.

ஊருக்குக் கிழக்கே ரைலி கல்லறைகள். எலிசபெத் ஹான்காக் என்ற பெண் 1666 ஆகஸ்டில், எட்டே நாளில் கணவரையும் ஆறு பிள்ளைகளையும் தானே இழுத்துவந்து புதைத்த வயல் அது. வட்டமான கற்சுவருக்குள் ஏழு பேரின் நினைவுக்கற்கள். சுற்றிலும் ஆடு மேயும் புல்வெளி. வழியில் வரும் கேட் எப்படி இருந்ததோ அப்படியே விட்டுச் செல்லுங்கள். திறந்திருந்த கேட்டை நல்லெண்ணத்தில் மூடினாலும் மந்தை தண்ணீருக்குப் போக முடியாமல் தவிக்கும்.

வடக்கே, செங்குத்தாக ஏறினால் மொம்பெசன் கிணறு. இதுவும் உணவு வைத்த இடம்தான். ஏறும்போது வயல் சுவர்களைக் கவனியுங்கள். கீழே சுவர்கள் வெளிர்சாம்பல் சுண்ணாம்புக்கல். மேலே போகப் போகப் பழுப்பேறிய கரடுமுரடான மணற்கல். சாந்தே இல்லாமல் அடுக்கிய சுவர்கள் என்பதால் அந்தந்த இடத்துக் கல்தான் அந்தந்தச் சுவரில் இருக்கும். ஊரின் தண்ணீர்க் கதையும் இதற்குள்ளேயே இருக்கிறது. சுண்ணாம்புப் பாறை மழைநீரை விழுங்கிவிடும். அதனால் மணற்கல் பகுதியின் ஊற்றுகளிலிருந்துதான் தண்ணீர் கொண்டுவர வேண்டியிருந்தது. அந்த ஊற்றுநீரை 1588இலேயே ஊருக்குள் கற்தொட்டிகளுக்குக் கொண்டுவந்தார்கள். தொட்டிகள் இன்னும் தெருவோரம் நிற்கின்றன.

வரைபடம், பிரிட்டனின் அரசு வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் எக்ஸ்ப்ளோரர் வரிசையில் ஓஎல் 24. 1:25,000 அளவு, அதாவது 4 செ.மீ. ஒரு கிலோமீட்டர். வயல் சுவர்கூட அதில் தெரியும். பச்சைச் சிறுகோடுகள் நடைபாதை, நீளக்கோடுகள் குதிரைப்பாதை. களத்தில் மஞ்சள் அம்பு நடப்பவர்களுக்கு, நீல அம்பு குதிரைக்கும் சைக்கிளுக்கும் சேர்த்து. போனை மட்டும் நம்பினால் பள்ளத்தாக்கில் சிக்னல் போய்விடும், குளிரில் பேட்டரியும் சீக்கிரம் இறங்கும். நேரக் கணக்குக்கு, சமதளத்தில் மணிக்கு 5 கி.மீ., ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாகப் 10 நிமிடம்.

கல் சுவர்களில் ஆள் மட்டும் நுழையும் ஒடுங்கிய கடவைகள் இருக்கும். செம்மறி புகாதபடி கீழே குறுகலாக வைத்திருப்பார்கள். பையை முதலில் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் நடுவில் மாட்டிக்கொள்வீர்கள். சுண்ணாம்புக்கல் படிகள் பல தலைமுறைக் காலடியில் மெருகேறியவை, மழை பெய்தால் எண்ணெய் தடவியது போல வழுக்கும். கடவையிலிருந்து இறங்கும்போது கூடுதல் கவனம் தேவை. அடியில் பல் வைத்த, கணுக்காலைப் பிடிக்கும் பூட்ஸ் போட்டுக்கொள்ளுங்கள்.

கன்றோடு மாடுகள் நின்றால் நடுவே போகாதீர்கள், சுற்றிப் போங்கள். நாய் கூட இருந்து மாடுகள் துரத்தினால் கயிற்றை விட்டுவிடுங்கள். மாட்டின் கோபம் நாய் மீதுதான், நாய் ஓடித் தப்பிக்கும். வயல்களில் மேடும் குழியுமாக நீளும் தடங்கள் பழைய ஈயச் சுரங்கத்தின் மிச்சம். பாழடைந்த மூடிக்கு அடியில் ஆழமான குழி இருக்கலாம் என்பதால் பாதையை விட்டு விலகாதீர்கள், ஈயம் கலந்திருக்கக்கூடிய அந்த மண்ணைக் கிளறிப் பிள்ளைகளை விளையாடவும் விடாதீர்கள். உயரமான புல்லில் நடந்தால் மாலையில் முழங்கால் மடிப்பில் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சிறு இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுக்க வேண்டும். எண்ணெயோ நெருப்போ வைக்கக் கூடாது.

ரயிலில் வருவதானால் மான்செஸ்டர்–ஷெஃபீல்டு வழியில் கிரைண்டில்ஃபர்ட் நிலையம், அங்கிருந்து ஏற்றத்தோடு ஏறக்குறைய 5 கி.மீ. நடை. பேருந்து குறைவு, ஞாயிறன்று இன்னும் குறைவு. முதலில் கடைசி வண்டியின் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பப்களில் மதியச் சமையலை இரண்டு, இரண்டரைக்கே நிறுத்திவிடுவது வழக்கம். டிசம்பரில் நான்கு மணிக்கெல்லாம் இருட்டிவிடும்.

எப்போது போவது என்று கேட்டால் என் பதில் ஆகஸ்ட் கடைசி வாரம். ஆகஸ்டின் கடைசி ஞாயிறு 'பிளேக் ஞாயிறு'. அன்று வழிபாடு, 1666இல் ஊரார் திறந்தவெளி வழிபாட்டுக்குக் கூடிய கக்லட் டெல்ஃப் பள்ளத்தில் நடக்கும். மற்ற நாள்களில் அது தனியார் நிலம். அந்தச் சமயத்திலேயே நீரூற்று அலங்காரமும் வரும், அதாவது பூவிதழ்களால் செய்த படப் பலகைகளைக் கிணறு, ஊற்றுகளில் வைக்கும் வழக்கம். மரப்பலகைகளைச் சில நாள் தண்ணீரில் ஊறப்போடுவார்கள், இல்லாவிட்டால் பலகை களிமண்ணின் ஈரத்தை உறிஞ்சி மண் வெடித்துவிடும். உப்புச் சேர்த்துப் பிசைந்த களிமண்ணைப் பூசி, படத்தின் கோடுகளை ஊசியால் குத்தி இறக்கி, ஆல்டர் மரக் காய்களால் ஓரம் கட்டி, பிறகு பூவிதழ்களை ஒவ்வொன்றாக அழுத்துவார்கள். எப்போதும் கீழிருந்து மேலாக, ஓடு வேய்வது போல ஒன்றன் மேல் ஒன்று படியும்படி. மழைநீர் உள்ளே இறங்காமல் வழிந்தோட அதுதான் வழி. இவ்வளவும் செய்து ஒரு வாரம்தான் நிற்கும், வெயிலடித்தால் மூன்றாம் நாளே இதழ்கள் பழுப்பேறத் தொடங்கும். ஆகவே வைத்த முதல் இரண்டு நாளுக்குள் போய்விடுங்கள்.