முள் கீழே இறங்கினால்

நேயர்களுக்கு வணக்கம். முப்பது வருடமாக இன்ஜின்களைப் பிரித்துக் கோத்துக்கொண்டிருப்பவன் நான். படம் இல்லாமல், காதால் கேட்டே புரிகிற மாதிரி சொல்லப் பார்க்கிறேன்.

சைக்கிளுக்குக் காற்றடித்திருப்பீர்கள். நாலு அடி அடித்ததும் பம்பின் அடிப்பாகம் சுடும். காற்றை நெருக்கினால் சூடேறும், அவ்வளவுதான். இன்ஜினின் சிலிண்டரும் பிஸ்டனும் கிட்டத்தட்ட அந்தப் பம்புதான். பிஸ்டன் இறங்கும்போது வால்வு திறந்து காற்றும் பெட்ரோலும் உள்ளே வரும். ஏறும்போது வழியெல்லாம் மூடிக்கொள்ளும். வந்தது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு இடத்துக்குள் நெருங்கும். அப்போது ஸ்பார்க் பிளக் பொறி வைக்கும். எரிந்த வாயு விரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளும். மறுபடி ஏறும்போது புகை வெளியே போகும். இழு, நெருக்கு, தள்ளு, வெளியேற்று. 1876-ல் ஜெர்மனியில் நிக்கோலஸ் ஓட்டோ ஓட்டிக் காட்டிய அதே நான்கு வேலைகள்தான் இன்றும். மேலும் கீழும் போகிற அசைவைச் சுழற்சியாக மாற்றுவது கிராங்க் ஷாஃப்ட். சைக்கிள் மிதிக்கிற முழங்காலும் மேலும் கீழும்தானே போகிறது? டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது. காற்றை இன்னும் பலமாக நெருக்கி, அந்தச் சூட்டிலேயே பற்றவைக்கிறது. பம்பு சுட்டதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, ஒரு கணக்கு. நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடுகிறது என்று வையுங்கள். ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை தீ. நான்கு சிலிண்டர் என்றால் நொடிக்கு 100 தீ! ஒவ்வொன்றும் 2000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். பிஸ்டனோ அலுமினியக் கலவை. அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும். அப்புறம் எப்படிப் பிழைக்கிறது? தீ கண் இமைப்பதற்குள் முடிந்துவிடுகிறது; மிச்சச் சூட்டைச் சிலிண்டரைச் சுற்றி ஓடும் தண்ணீர் வாங்கிக்கொண்டு போகிறது. எரிகிற பெட்ரோலின் சூட்டில் பெரும்பங்கு சக்கரத்துக்குப் போவதில்லை. புகையோடும், அந்தத் தண்ணீரை ஆறவைக்கிற ரேடியேட்டர் வழியாகவும்தான் போகிறது. அதனால்தான் நான் எங்கே பேசினாலும் தண்ணீரைப் பற்றியே பேசுகிறேன்.

ஒருவர் காரை இழுத்துக்கொண்டு வந்தார். "ஹீட் முள் சிவப்பு வரைக்கும் போச்சு சார். நிறுத்தலாம்னு நினைச்சேன், அதுக்குள்ள தானா இறங்கிடுச்சு. சரியாயிடுச்சுன்னு தொடர்ந்து ஓட்டினேன்" என்றார். ஆயில் குச்சியை உருவினேன். பால் கலந்த மாதிரி வெளுத்துப்போய், கொழகொழவென்று இருந்தது. சிலிண்டருக்கும் அதன் மேல்மூடிக்கும் நடுவே கசியாமல் அடைத்திருக்கும் ஹெட் கேஸ்கெட் போய், தண்ணீரும் ஆயிலும் கலந்துவிட்டன. முள் ஏன் இறங்கியது? ஹோஸ் வெடித்துத் தண்ணீர் முழுக்கக் கொட்டிவிட்டது. சூட்டை அளக்கிற சென்சார் தண்ணீரில் நனைந்திருக்க வேண்டியது. தண்ணீர் போனதும் வெறும் காற்றில் நின்றது. அளக்க ஒன்றும் இல்லை, முள் இறங்கியது. திரும்பவும் சொல்கிறேன்: ஏறிய முள் சட்டென்று இறங்கினால், அது குளிர்ந்ததால் இல்லாமல் தண்ணீர் தீர்ந்ததால் இருக்கலாம். நிறுத்துங்கள். இன்ஜினை அணையுங்கள். ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள். உள்ளே அழுத்தம் இருப்பதால்தான் 100 டிகிரியைத் தாண்டியும் தண்ணீர் கொதிக்காமல் இருக்கிறது. மூடியைத் திறந்த கணமே கொதித்து முகத்தில் அடிக்கும். துணி சுற்றித் திறந்தாலும் அப்படித்தான். கையால் தொட்டால் சுடாத அளவுக்கு ஆறட்டும்.

ஆயிலைப் பற்றி நிறைய சொல்ல நினைத்திருந்தேன். கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். ஒன்று மட்டும்: கிராங்க் ஷாஃப்ட் அதைத் தாங்குகிற பேரிங்கின் மேல் உட்கார்ந்து சுற்றுவதில்லை, முடியை விட மெல்லிய ஆயில் படலத்தில் மிதந்து சுற்றுகிறது. ஓடும்போது ஆயில் விளக்கு எரிந்தால் அந்தப் படலம் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். உடனே ஓரம் கட்டுங்கள்.

பேட்டரி விளக்கும் அப்படித்தான். பேட்டரிதானே, வீடு போய்ப் பார்க்கலாம் என்று ஓட்டாதீர்கள். பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரைச் சுற்றும் பெல்ட் அறுந்திருக்கலாம். பல கார்களில் தண்ணீர் பம்பைச் சுற்றுவதும் அதே பெல்ட்தான். வணக்கம்.