டபிள் கப் எடுக்கப் போகிறவர்களுக்கு

அன்பான நேயர்களுக்கு வணக்கம்.

இலங்கையில் 2020 இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 இல் திரும்பவும் தொடங்கிய பிறகு, எங்கள் கராஜில் ஒரு கேள்விதான் ஓயாமல் கேட்கிறது. "அண்ணை, ஒரு பிக்கப் எடுக்கப்போறன். டீசல் எடுக்கட்டோ, பெற்றோல் எடுக்கட்டோ?" கேட்கிறவர்களில் பெரும்பாலானோர் உழைப்பாளிகள். புன்னாலைக்கட்டுவனில் வெங்காயம் போடுகிற கமக்காரர், மயிலிட்டியில் மீன் எடுத்துச் சந்தைக்குக் கொடுக்கிறவர், நீர்வேலியில் வாழைக்குலை ஏற்றுகிற தம்பி. நகையை அடகு வைத்து, மிச்சத்துக்கு லீசிங் போட்டு எடுக்கிற வாகனம். எஞ்சினைப் பிழையாகத் தெரிவு செய்தால் தவணைக்காசு ஒரு பக்கம், கராஜ் காசு இன்னொரு பக்கம் என்று அந்த வீடு இழுபட வேண்டி வரும். அதைக் கண்ணால் பார்க்கிறவன் என்றபடியால்தான் இன்றைக்கு இதைப் பேச வந்தேன்.

என்னுடைய பதிலை முதலே சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குள்ளேயே ஓடிப் பொழுதுபட வீடு திரும்புகிற வாகனத்துக்குப் பெற்றோல் போதும். சுமை ஏற்றிக்கொண்டு கிழமைதோறும் வவுனியா தாண்டுகிறவருக்கு டீசல்தான் சரி. இதைக் கேட்டவுடன் பலர் முகம் சுளிப்பார்கள். "என்ன ஐயா, டீசல் மலிவெல்லோ? டீசல் எஞ்சின் காலத்துக்கும் நிக்குமெல்லோ?" என்பார்கள். இரண்டு நம்பிக்கையும் ஒரு காலத்தில் உண்மை. அந்தக் காலம் கடந்துவிட்டது.

முதலில் விலை. 2021 ஜூனுக்கு முன்னர் 92 ஒக்ரேன் பெற்றோல் லீற்றர் 137 ரூபாய், ஓட்டோ டீசல் என்கிற சாதாரண டீசல் 104 ரூபாய். 33 ரூபாய் வித்தியாசம். டீசல் வாகனம் எடுத்தவர் அன்றைக்குத் தலை நிமிர்ந்து நடந்தார். 2022 ஜூன் கடைசியில் என்ன நடந்தது? பெற்றோல் 470, ஓட்டோ டீசல் 460. வித்தியாசம் வெறும் 10 ரூபாய். அதே நாளில் சூப்பர் டீசல் 520 ரூபாய். அதாவது சூப்பர் டீசல் அடிக்கிறவர் சாதாரண பெற்றோலைவிட லீற்றருக்கு 50 ரூபாய் கூடக் கொடுத்தார். பிறகு விலைகள் ஏறி இறங்கியிருக்கின்றன, இனியும் மாறும். ஆனால் பம்பில் எழுதியிருக்கிற விலையை மட்டும் பார்த்து எஞ்சினைத் தெரிவு செய்ய முடியாது என்பதை அந்த ஒரு வருடம் எங்களுக்கு நன்றாகவே காட்டிவிட்டது.

சூப்பர் டீசலைப் பற்றி ஏன் சொல்கிறேன்? அதில் கந்தகம் குறைவு. புதிய டீசல் எஞ்சின்களுக்கு அதுதான் ஒத்து வரும். இங்கேதான் இரண்டாவது நம்பிக்கையும் ஆட்டம் காண்கிறது.

எங்கள் அப்பாமார் ஓட்டிய ஐசுசு எல்ஃப் லொறியும், பழைய ஹைலக்ஸ் பிக்கப்பும், பிறகு வந்த டிமோ பட்டா என்ற சின்ன லொறியின் முதல் எஞ்சினும் மிகவும் எளிமையானவை. அந்தப் பட்டாவில் இருந்தது இரண்டு சிலிண்டர், 702 சிசி, 16 குதிரை வலு. காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிற டர்போ கிடையாது, கணினி கிடையாது. எஞ்சினின் டீசல் பம்பைக் கழற்றி மேசையில் வைத்து, சுத்தம் செய்து, திரும்பப் பூட்டி அனுப்பலாம். டீசல் என்றால் அழியாது என்ற பெயரை வாங்கிக் கொடுத்தவை இந்த எஞ்சின்கள். இன்றைக்கு வருகிற டபிள் கப்பில், அதாவது இரண்டு வரிசை ஆசனம் உள்ள பிக்கப்பில், இருப்பது கொமன் ரெயில் எஞ்சின். எல்லாச் சிலிண்டருக்கும் பொதுவான ஒரு குழாயில் டீசலை அழுத்தி வைத்திருக்கிற எஞ்சின் அது. 2,000 பார் அளவு அழுத்தத்தில் டீசலைப் பீச்சுகிறது. ரயருக்கு நாங்கள் அடிக்கிற காற்று இரண்டரைப் பார்தான் என்பதை நினைத்துக்கொண்டு இந்த எண்ணைப் பாருங்கள். டீசலைப் பீச்சுகிற இன்ஜெக்டரின் துளை கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. நுண்ணிய தூசியும் ஒரு துளி தண்ணீரும் அதைக் கெடுத்துவிடும். கெட்டால் நான்கையும் மாற்ற வேண்டி வரலாம், அது இலட்சக் கணக்கு.

அப்படியென்றால் புதிய டீசல் கூடாதா என்று கேட்டால், கூடாது என்று சொல்ல மாட்டேன். அதன் பலத்தை மதிக்கத்தான் வேண்டும். ஹைலக்ஸையே எடுத்துக்கொள்வோம். அதே வாகனம் 2.7 லீற்றர் பெற்றோலிலும் 2.4 லீற்றர் டீசலிலும் வருகிறது. குதிரை வலுவில் பெற்றோல்தான் கொஞ்சம் கூட. ஆனால் முறுக்குவிசை, அதாவது சுமையை இழுக்கிற பலம், பெற்றோலுக்கு 245 நியூட்டன் மீற்றர், அதுவும் எஞ்சின் நிமிடத்துக்கு 4,000 சுற்றுக்குப் போனால்தான். டீசலுக்கு, ஓட்டோ கியர் வாகனத்தில், 400. அது 1,600 சுற்றிலேயே வந்துவிடும். ஒரு தொன் சரக்கை ஏற்றிக்கொண்டு மாத்தளைப் பக்கம் மேடு ஏறிப் பாருங்கள். பெற்றோல்காரர் கியரை இறக்கி எஞ்சினை அலற விடுவார். டீசல்காரர் அமைதியாக ஏறிப் போவார்.

இதற்குக் காரணம் டர்போவும், டீசல் எரிகிற விதமும். பெற்றோல் எஞ்சினில் காற்றும் பெற்றோலும் நிறையில் ஏறக்குறைய 14.7 க்கு 1 என்ற அளவில் கலந்தாக வேண்டும், பிறகு பிளக் தீப்பொறி கொடுக்கும். டீசலில் பிளக் இல்லை. ருடோல்ஃப் டீசல் 1892 இல் காப்புரிமை கேட்டு, 1897 இல் ஜெர்மனியின் ஓக்ஸ்பேர்க் நகரில் ஓட்டிக் காட்டிய வழி அது. காற்றை மட்டும் 15 முதல் 20 மடங்கு வரை நெருக்கினால் அது 500 பாகை செல்சியசைத் தாண்டிச் சுடும். அதற்குள் டீசலைப் பீச்சினால் தானாகவே பற்றும். எவ்வளவு வேலையோ அவ்வளவு டீசல்தான் போகும். டீசல் லீற்றர் ஒன்றில் இருக்கிற சக்தியும் பெற்றோலைவிடப் பத்து வீதத்துக்கு மேல் கூட. நீண்ட ஓட்டத்தில் டீசல் மிச்சம் பிடிப்பது இதனால்தான்.

இப்போது கணக்குக்கு வருவோம். பென்சில் இருந்தால் எடுத்துக் குறியுங்கள். இரண்டு எரிபொருளும் லீற்றர் 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பெற்றோல் பிக்கப் லீற்றருக்கு 10 கிலோமீற்றர், டீசல் 13 கிலோமீற்றர். கிலோமீற்றருக்குப் பெற்றோலில் 30 ரூபாய், டீசலில் 23 ரூபாய். மிச்சம் 7 ரூபாய். டீசல் வாகனம் வாங்குகிற விலையில் 10 இலட்சம் கூட என்றால், அந்தக் காசு திரும்பி வர ஏறக்குறைய 1,43,000 கிலோமீற்றர் ஓட வேண்டும். தோட்டத்துக்கும் திருநெல்வேலிச் சந்தைக்கும் இடையில் நாளுக்கு 40 கிலோமீற்றர் ஓடுகிறவர் வருடத்தில் 300 நாள் ஓடினாலும் 12,000 கிலோமீற்றர்தான். அவருக்குப் பன்னிரண்டு வருடம் வேண்டும். அதற்கிடையில் ஒருமுறை இன்ஜெக்டர் மாற்றினால் கணக்கு இன்னும் தள்ளிப் போகும். தம்புள்ளை இங்கிருந்து சுமார் 250 கிலோமீற்றர். கிழமைக்கு இரண்டு தரம் போய் வருகிறவர் 1,000 கிலோமீற்றர் ஓடுகிறார். அவருக்கு மூன்று வருடத்துக்குள் காசு திரும்பிவிடும், அதற்குப் பிறகு வருவதெல்லாம் அவருடைய மிச்சம். என் எண்களை அப்படியே எடுக்க வேண்டாம். நீங்கள் விலை கேட்ட வாகனத்தின் வித்தியாசத்தையும், உங்கள் வழக்கமான ஓட்டத்தையும், அன்றைய விலையையும் போட்டுப் பாருங்கள். விற்பனைக்காரர் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்ட மாட்டார்.

கிட்ட ஓட்டத்தில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. புதிய டீசல்கள் பலவற்றில் புகைக் குழாயில் கரித்தூளைப் பிடிக்கிற வடிகட்டி உண்டு. சேர்ந்த கரியை அது தானே எரித்துத் தள்ளும். அதற்கு 600 பாகை அளவுக்குச் சூடு வேண்டும், நின்று நின்று போகாமல் கால் மணித்தியாலமாவது ஒரே சீராக ஓட வேண்டும். கோப்பாயிலிருந்து திருநெல்வேலிக்கு வந்து, சந்தையில் நிறுத்தி, திரும்பிப் போகிற வாகனத்துக்கு அந்தச் சூடு எங்கே வரும்? அரைகுறையாக எரிக்கப் பார்த்து விட்டுவிடும். எரிக்கப் பீச்சிய டீசல், எஞ்சின் ஒயிலுக்குள் இறங்கும். இப்படி வந்த வாகனங்களின் ஒயில் அளக்கிற கம்பியை இழுத்துப் பார்த்தால், ஒயில் மேல் கோட்டையும் தாண்டி நிற்கும். விரலில் தொட்டால் தண்ணீர் மாதிரி வழியும். மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனால் டீசல் மணக்கும். "ஒயில் கூடியிருக்குது, நல்லதுதானே" என்று வாகனத்தைக் கொண்டுவந்த தம்பி கேட்பார். அந்த ஒயிலோடு இன்னும் கொஞ்சம் ஓடினால் டர்போவும் பேரிங்கும் போய்விடும் என்று அவருக்கு விளங்கப்படுத்தும்போது எனக்கு மனம் கனக்கும். அவர் ஒரு பிழையும் செய்யவில்லை. ஊருக்குள் ஓடுகிறவருக்கு அந்த எஞ்சினை விற்றதுதான் பிழை.

மண்ணெண்ணெயைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையில் கார்புரேட்டருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, மண்ணெண்ணெயில் ஒஸ்ரின், மொரிஸ் கார்களை ஓட்டிய ஊர் இது. அந்தக் கெட்டித்தனத்தை நான் பெருமையாகவே நினைக்கிறேன். காற்றை நெருக்குகிற அளவு குறைந்த எஞ்சின்கள் என்றபடியால் அவை அதைத் தாங்கின. 2022 இல் டீசல் 460 ரூபாய் விற்ற நேரத்தில் மண்ணெண்ணெய் 87 ரூபாய். ஓகஸ்ட் பிற்பகுதியில்தான் அது 340 ஆனது. இடைப்பட்ட நாட்களில் டீசலோடு மண்ணெண்ணெய் கலந்தவர்கள் உண்டு. கொமன் ரெயில் பம்புக்கு டீசல்தான் எண்ணெய், அதுதான் உள்ளே வழுக்கலைக் கொடுக்கிறது. மண்ணெண்ணெய்க்கு அந்த வழுக்கல் போதாது. பம்பு உள்ளுக்குள் உராய்ந்து, இரும்புத்தூள் இன்ஜெக்டர் வரை போகும். தயவுசெய்து கலக்காதீர்கள்.

டீசலின் புகையையும் சும்மா விட முடியாது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2012 இல் டீசல் புகையைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதலாம் பிரிவில் சேர்த்தது. சந்தை வாசலில், பள்ளிக்கூட வாசலில் எஞ்சினை ஓடவிட்டு நிற்காதீர்கள். ஒயில் மாற்றும்போது பழைய ஒயிலை வேலியோரம் ஊற்றவும் வேண்டாம். எங்கள் நிலம் சுண்ணாம்புக்கல், மேலே ஊற்றியது கிணற்றுக்குப் போகும். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதந்த கதை எல்லோருக்கும் தெரியும். டீசல் எஞ்சினுக்கு ஒயிலும் கூடப் பிடிக்கும் என்றபடியால் டீசல்காரருக்கு இந்தப் பொறுப்பும் கூட.

எல்லாம் கேட்டு, உங்கள் ஓட்டத்துக்கு டீசல்தான் பொருத்தம் என்று முடிவெடுத்து, பாவித்த வாகனம் பார்க்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். விடியவே போங்கள். முன்கூட்டியே ஸ்ரார்ட் பண்ணிச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போங்கள். பொனற்றில் கை வையுங்கள், சூடாக இருந்தால் இன்னொரு நாள் வாருங்கள். குளிர்ந்த எஞ்சின் உடனே பிடிக்க வேண்டும். ஓடும்போது ஒயில் மூடியைத் திறந்து, அதன் வாயிலேயே தலைகீழாக வையுங்கள். மூடி துள்ளி விழுந்தால் பிஸ்ரன் வளையங்கள் தேய்ந்துவிட்டன என்று எடுங்கள். நீலப் புகை ஒயில் எரிகிறது என்பதற்கு அடையாளம். வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் தண்ணீர் உள்ளே போகிறது, அல்லது இன்ஜெக்டர் சரியில்லை. பிறகு எஞ்சினை நிறுத்தி, டீசல் பில்டரின் அடியில் இருக்கிற திருகைத் தளர்த்தி, ஒரு கண்ணாடிப் போத்தலில் கொஞ்சம் பிடித்து வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாக நிற்கும், மேலே டீசல் மஞ்சளாக நிற்கும். அந்தக் கோடு தெரிந்தால், விலையை எவ்வளவு குறைத்தாலும், இன்ஜெக்டரைச் சோதிக்காமல் முற்பணம் கொடுக்காதீர்கள்.

நன்றி, வணக்கம்.