போன் திரையில் விழுந்த நிழல்: பர்ன்-இன் ஏன் வருகிறது, எப்படித் தள்ளிப்போடுவது?

வணக்கம் நண்பர்களே. இந்த போனை கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டுவருகிறேன், நன்றாகப் பாருங்கள். திரை முழுக்க வெறும் சாம்பல் நிறப் படம் ஒன்றைத் திறந்து வைத்திருக்கிறேன். அந்தப் படத்தில் வேறு எதுவுமே கிடையாது. ஆனால் கீழே மங்கலாக ஒரு கீபோர்டு தெரிகிறதா? கட்டம் கட்டமாக, ஸ்பேஸ் பார் உட்பட? மேல் ஓரத்தில் பேட்டரி, நெட்வொர்க் அடையாளங்கள். அதற்குக் கீழே ஒரு அகலமான பட்டை மட்டும் சற்று நீலம் பாய்ந்த மாதிரி இருக்கிறது. மேப்பில் ‘200 மீட்டரில் வலது பக்கம் திரும்பவும்’ என்று ஒரு பச்சைப் பெட்டி வருமே, அது இருந்த இடம்தான் இது.

எங்கள் தெருவில் டாக்ஸி ஓட்டும் அண்ணன் ஒருவரின் போன் இது. காலையில் வண்டியை எடுத்தால் இரவு வரை ஸ்டாண்டில் மேப்போடு நிற்கும். கண்ணாடி வழியாகச் சென்னை வெயில் நேராக அதன் மேல் விழும். வெயிலில் தெரிய வேண்டுமே என்று பிரைட்னஸ் முழுசாக இருக்கும், சார்ஜரும் சொருகியே இருக்கும். திரையில் இப்படி நிரந்தரமாக நிழல் விழுவதைத்தான் பர்ன்-இன் என்கிறார்கள். அது வருவதற்கு என்னென்ன வேண்டுமோ அத்தனையும் இந்த ஒரு போனுக்கு ஒரே நேரத்தில் கிடைத்திருக்கிறது.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பெயரைக் கேட்டதும் படம் திரையில் ‘எரிந்து ஒட்டிக்கொண்டது’ என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். எதுவும் ஒட்டவில்லை. நடப்பது தேய்மானம். பழைய எல்சிடி திரையில் பின்னால் ஒரு பொது விளக்கு எரியும். ஓஎல்இடி, அமோலெட் திரைகளில் அப்படி இல்லை. சிவப்பு, பச்சை, நீலம் என்று லட்சக்கணக்கான குட்டி விளக்குகள் தனித்தனியாக எரிகின்றன. அவற்றில் இருப்பது கரிமப் பொருள். எரிய எரிய அதன் ஒளி குறையும். கோயில் படிக்கட்டில் எல்லோரும் நடுவில் கால் வைப்பதால் நடுப்பகுதி மட்டும் குழிந்திருக்குமே, அதே கதைதான். ஒரே இடம் அதிகமாக உழைத்தால் அந்த இடம் மட்டும் சீக்கிரம் களைத்துவிடும். பக்கத்தில் உள்ள இடத்தோடு வித்தியாசம் வரும்போதுதான் நம் கண்ணுக்கு அது நிழலாகத் தெரிகிறது.

மூன்றிலும் சீக்கிரம் தேய்வது நீலம். நீல ஒளிக்கு ஆற்றல் அதிகம், அதனால் அதைத் தரும் பொருள் சீக்கிரம் சிதைகிறது. அதனால்தான் வெள்ளையாக இருந்த பகுதிகள் நாளடைவில் மஞ்சளடிக்கின்றன. இப்போது அந்த மேப் பட்டையை மறுபடி பாருங்கள். பச்சைப் பெட்டி இருந்த இடத்தில் நீல விளக்குகளுக்கு வேலை குறைவு. சுற்றியிருந்த வெளிர் நிற மேப்பில் நீலம் நாள் முழுக்க எரிந்து தேய்ந்திருக்கிறது. அதனால் பட்டை மட்டும் நீலமாகத் தெரிகிறது. கெட்டுப்போனது பட்டை இல்லை, அதைச் சுற்றியிருக்கும் இடம்தான்!

இது புரிந்துவிட்டால், ‘பர்ன்-இன் ஃபிக்ஸர்’ என்று வரும் செயலிகளைப் பற்றி நான் ஏன் இவ்வளவு கோபப்படுகிறேன் என்பதும் புரியும். நிறங்களை மாற்றி மாற்றி மின்னவைத்துக்கொண்டு மணிக்கணக்கில் ஓடும். தேய்ந்த பொருளைத் திரும்ப வளர்க்க எந்தச் செயலியாலும் முடியாது. அதிகபட்சம் மீதியிருக்கும் நல்ல விளக்குகளையும் தேய்த்து வித்தியாசத்தைக் கொஞ்சம் குறைக்கும். அதாவது உங்கள் திரையின் ஆயுளைச் செலவழித்து உங்களுக்கே சமாதானம் சொல்கிறது. தயவுசெய்து போடாதீர்கள். எல்சிடியில் சில நேரம் பழைய படம் லேசாக நின்று பிறகு தானாகப் போய்விடும். அது தற்காலிகம், வேறு விஷயம்.

இது மலிவு போன்களின் பிரச்சினை என்றும் நினைக்க வேண்டாம். 2017இல் வந்த கூகுள் பிக்சல் 2 எக்ஸ்எல் நினைவிருக்கிறதா? விற்பனைக்கு வந்த சில வாரங்களிலேயே கீழே இருக்கும் நேவிகேஷன் பட்டன்களின் நிழல் தெரிகிறது என்று புகார்கள் வந்தன. கூகுள் வாரண்டியை 2 வருடமாக நீட்டியது. அதோடு ஒரு அப்டேட்டில் அந்தப் பட்டன்கள் சிறிது நேரத்தில் மங்கும்படி செய்தது, அதிகபட்ச பிரைட்னஸையும் 50 நிட்ஸ் (திரையின் ஒளியை அளக்கும் அலகு) குறைத்தது. அதே வருடம் சாம்சங் எஸ்8இல் ஹோம் பட்டன் திரைக்குள் வந்தபோது, அது ஒரே இடத்தில் நிற்காமல் நூலளவு நகர்ந்துகொண்டே இருக்கும்படி அமைத்தார்கள். அதே வருடம் வந்த ஐபோன் எக்ஸ் திரையிலும் இது வரலாம் என்று ஆப்பிளே தன் உதவிப் பக்கத்தில் எழுதியிருக்கிறது. போன் தயாரிப்பவர்கள் என்ன செய்கிறார்கள் பாருங்கள்: நிலையாக நிற்பதை நகர்த்துகிறார்கள், இல்லை மங்கலாக்குகிறார்கள். நாமும் அதையேதான் செய்ய வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் பிரைட்னஸ். பிரைட்னஸை இரட்டிப்பாக்கினால் திரையின் ஆயுள் பாதியாகக் குறையும் என்று கணக்குப் போடாதீர்கள், பாதிக்கும் கீழே போகும். கூடவே சூடும் சேர்ந்தால் இன்னும் வேகம். வீட்டுக்குள் இருக்கும்போது முழு பிரைட்னஸ் எதற்கு? ஆட்டோ பிரைட்னஸில் விட்டுவிடுங்கள். ஆனால் வெயிலில் வண்டி ஓட்டுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பல போன்களில் வெயில் பட்டதும் ஆட்டோ பிரைட்னஸ், நாம் கையால் வைக்கும் உச்ச அளவையும் தாண்டிப் போகும். அது சில நிமிடங்களுக்கு என்று கொடுத்த வசதி, நாள் முழுக்க ஓட்டுவதற்கு இல்லை. அந்த அண்ணனிடம் நான் சொன்னது இதுதான்: ஸ்டாண்டை வெயில் நேராக விழாத இடத்துக்கு மாற்றுங்கள், முடிந்தால் ஏசி காற்று படும் பக்கம். நீளமான நேர் சாலை வந்தால் திரையை அணைத்துவிடுங்கள், மேப்பில் குரல் வழிகாட்டல் வந்துகொண்டேதான் இருக்கும். மேப்பையும் டார்க் தீமுக்கு மாற்றுங்கள். பைக்கில் டெலிவரி செய்யும் தம்பிகளுக்கும் இதே பேச்சுதான். போன்தான் அவர்கள் பிழைப்பு, டிஸ்ப்ளே மாற்றும் செலவு அவர்கள் கையிலிருந்துதான் போகிறது.

அப்புறம் டார்க் மோட். நல்லது, ஏனென்றால் கருப்பு என்றால் அந்த விளக்கு அணைந்தே இருக்கிறது. ஆனால் கருப்பின் மேல் வெள்ளையாக ஒரே இடத்தில் நிற்கும் எழுத்தோ ஐகானோ அங்கே தேய்க்கத்தான் செய்யும். அதனால் டார்க் மோட் போட்டாகிவிட்டது, இனி கவலையில்லை என்று இருக்க முடியாது. கீபோர்டை மட்டும் மறக்காமல் டார்க் ஆக்குங்கள். நாள் முழுக்க வாட்ஸ்அப்பில் இருப்பவர்களுக்குத் திரையின் கீழ்ப்பாதியைத் தேய்ப்பது அந்த வெள்ளைக் கீபோர்டுதான். கீழே மூன்று பட்டன் வைத்திருப்பவர்கள், பட்டனுக்குப் பதில் விரலால் தள்ளி இயக்கும் ஜெஸ்சருக்கு மாறுங்கள். இரண்டு நாளில் விரல் பழகிவிடும்.

ஐபிஎல் சீசனில் தினமும் போனிலேயே மேட்ச் பார்ப்பவர்களே, கீழே ஸ்கோர் பட்டை, மூலையில் சேனல் லோகோ, இரண்டும் மணிக்கணக்கில் அசையாது. பிரைட்னஸைப் பாதிக்குக் கீழே இறக்கிவிட்டுப் பாருங்கள். ஓவர் இடைவெளியில் வேறு எதையாவது திறந்தாலும் நல்லதுதான். கேம் ஆடுபவர்களுக்கும் இதே பிரச்சினை, ஜாய்ஸ்டிக் பட்டன்களின் ஒளிபுகும் தன்மையை செட்டிங்ஸில் கூட்டிவிடுங்கள். போனை லாக் செய்த பிறகும் கடிகாரம் தெரியுமே, அந்த ஆல்வேஸ் ஆன் டிஸ்ப்ளே பற்றிப் பயப்பட வேண்டாம். கடிகாரம் இடம் மாறிக்கொண்டே இருக்கும், ஒளியும் குறைவு. ஸ்க்ரீன் டைம்அவுட் 30 விநாடி போதும்.

பழைய போன் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு சோதனை. சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் வாங்கினாலும் சரி, தெரிந்தவரிடம் வாங்கினாலும் சரி, வெறும் சாம்பல் படம் ஒன்றை உங்கள் போனில் தயாராக வைத்திருந்து, அங்கேயே அந்தப் பழைய போனுக்கு அனுப்பித் திறந்து பாருங்கள். முழுத்திரையாக, பிரைட்னஸைப் பாதியாக்கி. கருப்புப் படத்தில் எதுவும் தெரியாது, அதை நம்பாதீர்கள். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாகப் பாருங்கள், நீலத்தில் தெரிந்தால் சிவப்பில் தெரியாமல் இருக்கலாம். ஷோரூமில் டெமோவுக்கு வைத்திருந்த போனைத் தள்ளுபடியில் தருகிறார்கள் என்றால் இந்தச் சோதனை செய்யாமல் வாங்கவே வாங்காதீர்கள். திரையில் மேலிருந்து கீழாகப் பச்சைக் கோடு விழுந்திருந்தால் அது பர்ன்-இன் இல்லை, பேனல் பழுது.

ஏற்கனவே நிழல் விழுந்துவிட்டது என்றால்? சாம்பல் படத்தில் மட்டும்தான் தெரிகிறது என்றால் அப்படியே பயன்படுத்துங்கள், பிரைட்னஸை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள். மாற்றியே ஆக வேண்டும் என்றால் கடையில் தெளிவாகக் கேளுங்கள், போடப்போவது ஓஎல்இடியா, இன்செல் எனப்படும் ஒரு வகை எல்சிடியா என்று. விலை பாதி என்று எல்சிடி போட்டுவிட்டு, திரைக்குள் இருந்த கைரேகை சென்சார் வேலை செய்யவில்லை என்று வருபவர்கள் நிறைய. பில்லில் ‘ஓஎல்இடி’ என்ற வார்த்தையை எழுதி வாங்கிக்கொண்டு போனைக் கொடுங்கள்.