டெஸ்ட் எடுக்கப் போனா யாராச்சும் பாத்துடுவாங்களோன்னு பயமா இருக்குக்கா

சரி அடுத்த கேள்வி, சேலம் அஞ்சு ரோடு பக்கம் ரூம் எடுத்து வேலை பாக்குற ஒரு தம்பி அனுப்பியிருக்காரு, வயசு 22. "அக்கா, எச்ஐவி டெஸ்ட் எடுக்கணும்னு நாலு மாசமா நினைக்கிறேன், ஜிஎச் வாசல் வரைக்கும் போய்ட்டு திரும்பிட்டேன், ஊர்க்காரங்க யாராச்சும் பாத்துட்டா? வீட்டுக்குச் சொல்லிடுவாங்களா?"ன்னு கேக்குறாரு.

தம்பி, வாசல் வரைக்கும் போனதே பெரிய விஷயம்ங்க. நம்ம பசங்களுக்கு இது எப்படிப் பரவும்னு தெரியாம இல்ல, காலேஜ்ல ரெட் ரிப்பன் கிளப்னு எச்ஐவி விழிப்புணர்வு கிளப்ல எல்லாம் சொல்லிடுறாங்க, ஆனாலும் வரமாட்டேங்குறாங்கன்னா காரணம் இந்தப் பயம்தான். சேலம் பெரிய ஊரு மாதிரி தெரியும், ஆனா பெரியாஸ்பத்திரில போய் நின்னா ஓமலூர், ஆத்தூர், ஏற்காடுன்னு எல்லாப் பக்கத்து ஆளும் அங்கதான் இருப்பாங்க. இன்னும் சில பேரு, நான் என்ன அந்த மாதிரி ஆளா, எனக்கெதுக்குன்னு விட்டுடுறாங்க. பொண்ணுங்க நிலைமை இன்னும் மோசம், கல்யாணம் ஆகாம டெஸ்ட்டுன்னு கேட்டாலே ஒரு பார்வை பாப்பாங்கன்னு பயந்து, கடைசில மாசமா இருக்கும்போதுதான் முதல் தடவையா எடுக்குறாங்க. எனக்கு ரொம்ப வருத்தமான விஷயம் இது.

உங்க கேள்விக்கு வரேன். வீட்டுக்குச் சொல்ல மாட்டாங்க. 2017ல வந்த எச்ஐவி சட்டம் 2018 செப்டம்பர்ல இருந்து அமல்ல இருக்கு, உங்க சம்மதம் இல்லாம டெஸ்ட் எடுக்கக்கூடாது, ரிசல்ட்ட வெளிய சொல்லவும் கூடாது. 18 தாண்டிட்டீங்க, அப்பா அம்மா கையெழுத்தும் வேண்டாம். நம்பிக்கை மையம்னு அரசாங்கத்தோட எச்ஐவி டெஸ்ட் மையம் இருக்கு, அங்க காசு கிடையாது, முதல்ல கவுன்சிலர் தனியா உக்கார வச்சுப் பேசுவாங்க, அப்புறம்தான் ரத்தம். சேலத்துலயே எடுக்கணும்னும் இல்லைங்க, லீவு நாள்ல வேண்டாம், வேலை நாள்ல ஒரு பஸ் ஏறி ஈரோடோ நாமக்கல்லோ போய் எடுத்துட்டு வாங்க.

நாலு மாசம் வீணாப்போச்சேன்னும் நினைக்காதீங்க. தொற்று ஏற்பட்ட உடனே டெஸ்ட்ல தெரியாது, மூணு மாசம் வரைக்கும்கூட ஆகலாம். நடுவுல மறுபடி தொற்று வர்ற மாதிரி எதுவும் நடக்கலைன்னா இப்ப வர்ற ரிசல்ட்ட தாராளமா நம்பலாம். பாசிட்டிவ்னே வந்தாலும் எச்ஐவிக்குக் குடுக்குற ஏஆர்டி மாத்திரை 2004ல இருந்து அரசாங்கத்துல இலவசம், ஒழுங்கா சாப்பிட்டு ரத்தத்துல இருக்குற வைரஸ், அதை அளக்குற டெஸ்ட்லயே தெரியாத அளவுக்குக் குறைஞ்சு அப்படியே இருந்துச்சுன்னா உடலுறவு மூலமா அடுத்தவங்களுக்குப் பரவாது. கல்யாணம், குழந்தை எல்லாம் உண்டு தம்பி.

மையம் எங்க இருக்குன்னு ஆஸ்பத்திரில கேக்கக் கூச்சமா இருந்தா முதல்ல எச்ஐவி ஹெல்ப்லைன் 1097க்கு அடிங்க, ஃப்ரீ நம்பர்தான், பேரு சொல்லணும்னு இல்ல.