பிடி அரிசியும் அந்தியோகியா சபையும்

நேயர்களுக்கு வணக்கம். உலகத்துக்கான தேவனுடைய திட்டம் என்றதும் பெரிய மேடைகள்தான் நம் நினைவுக்கு வரும். வேதாகமத்தில் அப்போஸ்தலர் நடபடிகள் 13ஆம் அதிகாரம் காட்டுவதோ ஓர் ஊர்ச் சபையை. அந்தியோகியா. அங்கே ஊழியம் செய்த ஐந்து பேரின் பெயர் இருக்கிறது. அதில் பர்னபாவையும், பின்னாளில் பவுல் எனப்பட்ட சவுலையும் வெளியூர்களில் நற்செய்தி சொல்லச் சபை அனுப்பிவைக்கிறது. முன்னே நின்றவர்களையே அனுப்பினார்கள், கவனியுங்கள். திரும்பி வந்த இருவரும் அதே சபையைக் கூட்டி, நடந்ததைச் சொன்னார்கள். அனுப்பிய சபை கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.

"எங்களுடையது ஏழைச் சபை ஐயா, ஊழியரை அனுப்பப் பணம் ஏது?" என்பார்கள். மிசோரமில் 1910 வாக்கில் சபைப் பெண்கள் ஊழியத்துக்கென்று பிடி அரிசி எடுத்துவைக்கத் தொடங்கினார்கள், இன்றும் எடுக்கிறார்கள். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி. மூட்டையிலிருந்து எடுக்காதீர்கள், உலைக்கு அளந்ததிலிருந்து எடுங்கள். அப்போதுதான் நம் சோற்றில் ஒரு பிடி குறையும்.

கணக்குப் பார்ப்போம். பிடி 50 கிராம், நாளைக்கு இரண்டு வேளை. வீட்டுக்கு மாதம் 3 கிலோ. அறுபது வீடு என்றால் 180 கிலோ. கிலோ 40 ரூபாய் என்று வைத்தாலும் 7,200 ரூபாய்!

எங்கே கெடும்? ஈரக் கையால் எடுத்தால் பூசணம் பிடிக்கும். மாதக்கணக்கில் போட்டுவைத்தால் வண்டு விழும், வாராவாரம் சேகரியுங்கள். பச்சரிசியும் புழுங்கலும் கலந்தால் கடைக்காரர் மட்ட விலைதான் சொல்வார், ஆகவே தனித்தனிப் பை. ரேஷன் அரிசியை விற்கக் கூடாது, அது சட்டப்படி குற்றம். அதை இல்லாதவர்களுக்குப் பொங்கிப் போடுங்கள். ஆராதனை முடிந்ததும் ஏலம் விட்டால் கடையைவிட நல்ல விலை கிடைக்கும்.

பெரிய கேடு இனிமேல்தான். அந்தப் பணம் பொதுக் கணக்கில் சேர்ந்தால் சுற்றுச்சுவராக எழும்பிவிடும்! தனிக் கணக்கு வையுங்கள். நீங்கள் அனுப்பிய ஊழியர் எழுதும் கடிதத்தை மாதம் ஒருமுறை சபையில் வாசியுங்கள். கேட்கவும் வேண்டும் என்றேனே, அது இதுதான்.

நேரம் ஆகிவிட்டதென்று கைகாட்டுகிறார்கள். பாளையங்கோட்டையைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். 1903இல் திருநெல்வேலிச் சபையார் அங்கே இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கி, தங்கள் காணிக்கையிலேயே தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கலுக்கு ஊழியர்களை அனுப்பினார்கள். சங்கத்தை நடத்திய வே. சா. அசரியாவே 1909இல் குருப்பட்டம் பெற்று அங்கே போனார். வணக்கம்.