ஃபெர்குசனோடு கிளம்பிப்போன இன்னொருவர்

நேயர்களுக்கு வணக்கம். இங்கிலாந்துக் கால்பந்துக் கிளப்பான மான்செஸ்டர் யுனைடெட் ஏன் இத்தனை ஆண்டுகளாகத் தடுமாறுகிறது என்று யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: 2013-இல் பயிற்சியாளர் சர் அலெக்ஸ் ஃபெர்குசன் ஓய்வு பெற்றார், அதோடு எல்லாம் போயிற்று. இது பாதி உண்மைதான். அதே கோடையில் தலைமை நிர்வாகி டேவிட் கில்லும் பதவி விலகினார். எந்த வீரர் வேண்டும் என்று முடிவு செய்தவரும், அவருக்காக விலை பேசியவரும் ஒரே நேரத்தில் கிளம்பிவிட்டார்கள். அவர்கள் இருவருக்கும் தெரிந்திருந்ததைக் கிளப்பில் வேறு யாரும் கற்று வைத்திருக்கவில்லை.

கில்லின் இடத்துக்கு வந்த எட் வுட்வர்டு வங்கித் துறைக்காரர். வணிக ஒப்பந்தங்களில் கெட்டிக்காரர், வீரர்களை வாங்கும் பேரத்துக்குப் புதியவர். அது முதல் கோடையிலேயே தெரிந்தது. நடுக்கள வீரர் ஃபெலாய்னியை ஜூலை முடிவதற்குள் 23.5 மில்லியன் பவுண்டுக்கு வாங்கியிருக்கலாம். அவருடைய ஒப்பந்தத்திலேயே அதற்கு வழி இருந்தது. அதை நழுவவிட்டு, கடைசி நாளில் 27.5 மில்லியன் கொடுத்தார்கள்.

புதிய பயிற்சியாளர் டேவிட் மோயஸை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தம்தான். 11 புள்ளி முன்னிலையில் லீக்கை வென்ற அணி அவருக்குக் கிடைத்தது, உண்மை. ஆனால் நடுக்கள வீரர் ஸ்கோல்ஸ் ஏற்கெனவே ஓய்வு பெற்றுவிட்டார். ஃபெர்டினண்ட், விடிச், எவ்ரா, கிக்ஸ் எல்லோரும் கடைசிக் கட்டத்தில் இருந்தார்கள். ஆறு ஆண்டு ஒப்பந்தம் கொடுத்துவிட்டுப் பத்து மாதத்தில் அவரை அனுப்பினார்கள்.

அப்புறம் நடந்ததுதான் இந்தக் கதையின் மையம். அடுத்த பயிற்சியாளர் லூயி வான் கால், பந்தைத் தன் வசம் வைத்திருக்கும் ஆட்டத்தை விரும்பினார். அவருக்குப் பின் வந்த மொரீனியோ பின்னால் நின்று காத்து, எதிர்த் தாக்குதலில் அடிப்பவர். ஒருவருக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையை அடுத்தவருக்கு மாட்டிவிட்டது போல, ஒருவர் கேட்டு வாங்கிய வீரர்களை அடுத்தவர் தலையில் கட்டினார்கள். 2014-இல் பிரிட்டனின் சாதனை விலைக்கு வந்த டி மரியா ஒரே ஆண்டில் பாரிஸ் போய்விட்டார். நடுக்கள வீரர் போக்பாவை 2012-இல் இழந்தார்கள். 2016-இல் 89 மில்லியன் பவுண்டு கொடுத்துத் திரும்ப வாங்கினார்கள். 2022-இல் ஒரு காசு வாங்காமல் மறுபடியும் இழந்தார்கள்.

2018 கோடையில் மொரீனியோ ஒரு மையத் தடுப்பாட்டக்காரரைக் கேட்டார், கிடைக்கவில்லை. டிசம்பரில் அவரை நீக்கினார்கள். அடுத்த கோடையில் அதே இடத்தில் ஆடும் ஹாரி மக்வயரை 80 மில்லியனுக்கு வாங்கினார்கள். சரி, பயிற்சியாளர் கேட்டதையெல்லாம் வாங்க வேண்டியதில்லை. ஆனால் வேண்டாம் என்று சொல்பவருக்கு ஆட்டம் தெரிந்திருக்க வேண்டும். அதற்கென்று கால்பந்து இயக்குநர் ஒருவரை முதன்முதலாக நியமித்ததே 2021-இல்தான்.

கிளப்பின் உரிமையாளர்களான கிளேசர் குடும்பத்தின் மீது ரசிகர்களுக்கு இருக்கும் கோபம் நியாயமானது. 2005-இல் கடன் வாங்கிக் கிளப்பை வாங்கி, அந்தக் கடனைக் கிளப்பின் மீதே சுமத்தினார்கள். வட்டிக்கே பல நூறு மில்லியன் பவுண்டு போயிற்று. கிளப்பின் மைதானமான ஓல்டு டிராஃபோர்டின் கூரை மழைக்கு ஒழுகியது. ஆனாலும் வீரர்களுக்குச் செலவிடப் பணம் இல்லாமல் போகவில்லை. எதற்குச் செலவிடுகிறோம் என்ற தெளிவுதான் இல்லை.

2024 பிப்ரவரியில் தொழிலதிபர் ஜிம் ராட்கிளிஃப் பங்கு வாங்கி, கால்பந்து நிர்வாகத்தைக் கையில் எடுத்தபோது இது மாறும் என்று நம்பினேன். ஆனால் ஜூலையில் அப்போதைய பயிற்சியாளர் டென் ஹாக்கின் ஒப்பந்தத்தை நீட்டித்தார்கள், அக்டோபரில் அவரை நீக்கினார்கள். இடையில் வந்த கோடையில் வாங்கிய வீரர்கள் எல்லாம் அவருடைய நான்கு பேர் தடுப்பு வரிசைக்கானவர்கள். நவம்பரில் அவருடைய இடத்துக்கு வந்த ரூபன் அமோரிம் தடுப்பில் மூன்று பேரை வைத்து ஆடுபவர். அந்தப் பருவத்தை மான்செஸ்டர் யுனைடெட் 42 புள்ளிகளோடு 15-ஆம் இடத்தில் முடித்தது.